படச்சட்டம் போட்ட வாசல்

எங்கள் வீட்டில் எனக்கென்று ஓர் இடம் உண்டு. முன்னறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் கதவில்லாத ஒரு வழி. யாராவது வந்துவிட்டால் அந்த வழியில், பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக நின்றுகொள்வேன். தோளைச் சுவர் ஓரத்தில் சாய்த்துவிட்டால்தான் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும். கல்யாணமாகி வந்த புதிதில் நிற்க ஆரம்பித்தது, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற வயது வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. யார் என்ன கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவேன். பதில் வாய்க்கு வந்து சேருவதற்குள் கேட்டவர் வேறு பேச்சுக்குப் போயிருப்பார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் போவது நின்றது. அங்கேயும் நான் கடைசி வரிசைதான்.

வீடு குடிசை மாற்று வாரியம் கட்டிக்கொடுத்தது. மந்தைவெளி பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தால் வரும். கட்டியவர்கள் வெளிக்கதவுக்கு மட்டும் நிலை வைத்தார்கள். உள்ளே சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு திறப்பு விட்டுச் சிமெண்ட் பூசியதோடு சரி. குடம் இடித்தும் கட்டில் இடித்தும் அதன் ஓரமெல்லாம் காரை பெயர்ந்து செங்கல் பல் இளிக்கும். என் தோள் படுகிற உயரத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி வழவழவென்று இருக்கும்.

அப்போது நான் மயிலாப்பூர் குளத்தங்கரைக்குப் பக்கத்துத் தெருவில், படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில் வேலை பார்த்தேன். சட்டம் அறுப்பதும் ஆணி அடிப்பதும் ஆண்கள் வேலை. கண்ணாடி துடைப்பதும், படத்துக்குப் பின்னால் அட்டை வைத்துக் காகிதம் ஒட்டுவதும் என் வேலை. சாமி படங்கள் வரும், குழந்தைகள் படம் வரும், பட்டம் வாங்கிக் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டவர்கள் வருவார்கள். செத்தவர்கள் படம்தான் அதிகம். அவசரமாக வருவதும் அதுதான்.

ஒரு நாள் பெரிய ராஜராஜேஸ்வரி படம் ஒன்றை அடையாறில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. ஆட்டோவில் கண்ணாடி உடையாமல் பிடித்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். புது ஃபிளாட். ஆசாரிகள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அறை வாசலைச் சுற்றியும் அகலமாக மரப்பட்டை வைத்து, அதன்மேல் வரி வரியாகப் பள்ளமும் மேடும் ஓடுகிற பீடிங் அடித்து, மூலையில் சதுரமாக ஒரு பூக்கட்டை வைத்து வார்னிஷ் பூசியிருந்தார்கள். தரையோரம் ஓடிய பட்டை அந்த வாசல் காலில் வந்து முட்டி நின்ற விதம்கூட அழகு. நான் படத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"வார்னிஷ் இன்னும் காயலை, புடவைல பட்டுடப் போறது. பாத்து வாங்கோ" என்றார் அந்த வீட்டம்மா. பிறகு நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "நன்னா இருக்கா? முன்னாடி செவுத்துல ஓட்டை போட்டு வெச்சா மாதிரி இருந்தது. ஒரு ரூம்லேர்ந்து இன்னொரு ரூமுக்குப் போறோம்னா அது வாசல்னு தெரிய வேண்டாமா?"

நான் தலையை ஆட்டினேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுப்பு பற்ற வைக்கப் போனவள் அந்த வழியில் நின்றேன். சுவரில் ஓட்டை. அந்த அம்மா சொன்ன வார்த்தை அப்படியே பொருந்தியது. இத்தனை வருஷமாக நான் ஓட்டையில் நின்றிருக்கிறேன். அந்த அம்மாமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனுஷி, எனக்கு மோர் கொடுத்தார். இந்த ஜனங்களுக்கு வெளிக்கதவுக்கு நிலை போதும், உள்ளே ஓட்டை போதும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தாரே, அவர்மேல்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தது எனக்கே புதிதாக இருந்தது.

மரப்பட்டைக்கும் ஆசாரிக்கும் நான் எங்கே போவேன்? ஆனால் கடையில் சட்டம் இருந்தது. அந்த வருஷ மழைக்குப் பரண்மேல் தண்ணீர் இறங்கி ஒரு கட்டுச் சட்டம் முழுக்க வில்லாக வளைந்துவிட்டது. தங்க நிறம், கொடியும் பூவுமாக ஓடுகிற வேலைப்பாடு. ஒரு காலத்தில் நிறைய ஓடிய டிசைன். வளைந்த சட்டத்தில் கண்ணாடி உட்காராது. முதலாளி அதைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். நான் அதன் பக்கத்திலேயே நின்றேன்.

"இன்னாம்மா, அடுப்புக்கா? எடுத்துக்கினு போ" என்றார்.

அதற்கும் தலையை ஆட்டினேன்.

எங்கள் வீட்டு வழியை நூல் பிடித்து அளந்து, முடிச்சுப் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். மதியம் முதலாளி சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில், மூலைக்குச் சாய்வாக அறுப்பதற்கென்று இருக்கும் மரப்பெட்டியில் சட்டத்தை வைத்து நானே அறுத்தேன். வருஷக்கணக்காகப் பார்த்த வேலை, கைக்கு வந்துவிட்டது. கடையில் சட்டம் அறுக்கிறவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அடுப்புல வைக்கிறதுக்கு மூலை எல்லாம் எதுக்கும்மா?" என்றார். சிரித்தார், காட்டிக்கொடுக்கவில்லை. ஆணி பிடுங்குகிற கொண்டி வைத்த கடைச் சுத்தியலையும் அவரேதான் எடுத்துக் கொடுத்தார்.

விடுமுறை நாளாகப் பார்த்து வேலையை ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் லோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். மகள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, அவளுக்கு லீவு கிடையாது. சிமெண்ட் ஆணியால் சுவரில் துளை போட்டு, துளையில் மரச்சிம்பு அடித்து இறுக்கி, அந்தச் சிம்பில் சட்டத்தை அடிக்க வேண்டும். வளைந்த சட்டம்தானே, மேல்முனையில் ஓர் ஆணி போட்டால் கீழ்முனை எங்கோ விலகிப் போகும். தோளால் நெருக்கிச் சுவரோடு அழுத்திக்கொண்டு அடுத்த ஆணி. இத்தனை நாள் சாய்ந்து நின்ற அதே தோள். கீழே வந்து சேரும்போது சட்டம் நூல் பிடித்த மாதிரி நேராகிவிட்டது. இடுக்கில் சாக்பவுடரும் பசையும் குழைத்து அடைத்தேன். பெயர்ந்த காரை, செங்கல், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் மறைந்துவிட்டது.

அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. அடையாறு வீட்டு வாசல்களில் இரண்டு பக்கமும் மேலேயும்தான் பட்டை இருந்தது, தரையில் இல்லை. நான் பார்த்தேன்தான். ஆனால் என் கைக்குப் பழக்கம் படச்சட்டம். சட்டம் என்றால் நாலு பக்கம். மூன்றோடு விட்டால் முடிக்காத வேலையாக உறுத்தியது. கீழேயும் ஒன்று அறுத்து, தரையோடு சேர்த்து அடித்துவிட்டேன். நாலு மூலையும் மயிரிழை இடைவெளி இல்லாமல் சேர்ந்தன.

மகள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தாள்.

"யம்மா! நீயா போட்ட?"

"நல்லா கீதா?"

"சூப்பரா கீது. நீ அங்க நில்லேன், பாக்கலாம்." நின்றேன். அவள் சிரித்தாள். "ஃபோட்டோ மாதிரியே கீறம்மா."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்தார், விரலால் பூவைத் தடவினார், "கோல்டெல்லாம் போட்டுக்கீற" என்றார். அவர் வாயில் அதுவே பெரிய பாராட்டு.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தாள். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியவள். நான் சர்க்கரைக் கிண்ணத்தோடு சமையல்கட்டிலிருந்து வந்து வழக்கம்போல நடுவில் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யக்கா, மாலை எங்கக்கா?"

எனக்குப் புரியவில்லை.

"படமா நிக்கிறியே, மாலை எங்கன்னு கேட்டேன். எப்பக்கா போய் சேந்த? சொல்லவே இல்ல!"

அன்றைக்குத் தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு. ஒருத்தி என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இது படமில்லை, வாசல் என்று காட்ட வேண்டும் என்று தோன்றியது. வெள்ளிக்கிழமை வெளிநிலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும்போது இதற்கும் வைத்தேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "பொட்டு வச்சாச்சு. இனிமே மாலைதான் பாக்கி." அடுத்த விசேஷத்துக்கு மாவிலைத் தோரணம் கட்டினேன். "தோ, மாலையும் வந்துட்சி! ஊதுபத்தி நான் வாங்கியாறேன்கா." வாசலுக்குச் செய்கிற மங்களம் எல்லாம் செத்தவர் படத்துக்கும் செய்வதாகவே இருந்தது. அதை நான் அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோரணத்தை அவிழ்க்கவில்லை, காய்ந்து தானாக உதிரட்டும் என்று விட்டேன்.

அதுவரைக்கும் விளையாட்டுதான். நாத்தனார் வந்த பிறகுதான் அது விளையாட்டாக இல்லாமல் போனது.

வீட்டுக்காரருக்கு அக்கா அவர். கொட்டிவாக்கத்தில் இருக்கிறார். அவர் சொல்லே இந்த வீட்டில் கடைசிச் சொல். என் மகளுக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பையன் தரமணியில் கம்பெனி வேன் ஓட்டுகிறான், குடிப்பழக்கம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். இதையெல்லாம் முன்னறையில் சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையல்கட்டுக்கு வந்தவர் கீழ்ச்சட்டத்தில் கால் தடுக்கினார். அரிசி டின்னைப் பிடித்ததால் விழவில்லை. கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

"ஐயோ, ஐயோ! இன்னாமே இது, வூட்டுக்கு நடுவுல கட்டைய போட்டு வச்சிக்கீற?"

குனிந்து பார்த்தார். அப்படியே கண்ணை மேலே கொண்டுபோனார், சுற்றிலும் கொண்டுபோனார். முகம் மாறிவிட்டது.

"இது படத்துக்குப் போடுற சட்டமில்ல? எங்க வூட்டுக்காரு போனப்ப இதே பூ, இதே கோல்டு போட்டுத்தானே மாட்டிக்கீறேன்!"

ஆமாம். அந்தப் படத்துக்குக் கண்ணாடி துடைத்தவளே நான்தான். எனக்கு அந்த நிமிஷம் வரை அது ஞாபகத்துக்கே வரவில்லை.

"அந்த மனுசன் அதுக்குள்ள கீறாரு. நீ கரண்டியும் கையுமா இதுக்குள்ள நிக்கிற. பாக்கவே பயமா கீதுமே. நாயித்துக்கெயம பொண்ணு காபித்தட்டு எடுத்துக்கினு இதுக்குள்ளருந்துதானே வரணும்? வாழப்போற பொண்ண செத்தவ படமாட்டம் காட்டுவியா? கயட்டிப் போடு இத்த. இது இருந்தா நான் அவங்கள இட்டாரமாட்டேன், சொல்ட்டேன்."

"யக்கா சொல்றது சரிதான்" என்றார் வீட்டுக்காரர். "கயட்டிடுவோம்கா."

அவர்கள் பேசி முடித்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நான் மஞ்சளைக் குழைத்து நாத்தனார் விரலில் வைத்துக் கட்டினேன். சொல்ல வேண்டியது நெஞ்சு வரைக்கும் வந்தது. கடையில் ஒரே கட்டிலிருந்துதான் அறுக்கிறோம். ஒரு துண்டு முருகருக்கு, அடுத்த துண்டு மொட்டை போட்ட குழந்தைக்கு, மிச்சம் செத்தவருக்கு. யாருக்குப் போகிறோம் என்று சட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவும் உள்ளே வரிசையாக நின்றது. வெளியே வரவில்லை.

அவர் போன பிறகு சுத்தியலை எடுத்துக் கீழ்ச்சட்டத்தை மட்டும் நானே பெயர்த்தேன். ஒருத்தர் காலில் ரத்தம் வந்துவிட்டது, அதை வைத்திருப்பது நியாயமில்லை. மற்ற மூன்றைத் தொடவில்லை. இரண்டு பக்கச் சட்டங்களின் அடிமுனையும் சாய்வாக அறுத்தபடியே நின்றன, நாலாவது வரும் என்று காத்திருக்கிற மாதிரி.

மகளிடம் மட்டும் கேட்டேன். அது அவள் வாழ்க்கை. அவள் வேண்டாம் என்றால் அந்த நிமிஷமே பிடுங்கியிருப்பேன், அதில் எனக்கு ஒரு வீம்பும் இல்லை.

"உனுக்கு பயமா கீதுன்னா சொல்லு. எடுத்துடறேன்."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எப்படியும் தலைய குனிஞ்சிக்கினுதான் வரணும்னு அத்த சொல்லிக்கீது. மேல இன்னா கீதுன்னு எனுக்கு தெரியவா போவுது?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீ போட்டதுதானேம்மா. இருக்கட்டும்."

வீட்டுக்காரர் தினமும் கேட்டார். "கயட்டினியா?" நான் சோறு போட்டேன். "காதுல வுழலியா?" குழம்பு ஊற்றினேன். சனிக்கிழமை அவரே சுத்தியலைத் தேடினார். அரிசி டின்னுக்குள் இருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அம்மா, தாய்மாமன். நாத்தனார் விரலில் கட்டோடு முன்னால் நுழைந்தார். கண் நேராக அந்த வாசலுக்குத்தான் போனது. தம்பியைப் பார்த்தார், அவர் தரையைப் பார்த்தார். இனி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நான் என் இடத்தில் நின்றேன்.

மகள் தட்டோடு என்னைத் தாண்டிப் போனாள். பையன் பார்த்தான், மாமன் பார்த்தார். பையனின் அம்மா பெண்ணைப் பார்த்துவிட்டு அவளுக்குப் பின்னால் பார்த்தார்.

"இன்னாங்க அது, படத்துக்குப் போடுற சட்டமாட்டம் கீது?"

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "அது சொம்மா, பயசு. கடையில மிஞ்சினது. நாளைக்கே எடுத்துருவோம்."

"எடுக்கமாட்டோம்."

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பினார்கள். நானும் திரும்பிப் பார்த்திருப்பேன், எனக்குப் பின்னால் அடுப்புதான் இருந்தது. தோளைச் சட்டத்தில் சாய்த்துக்கொண்டேன். பூ வேலைப்பாடு தோளில் குத்தியது.

"நான்தான் போட்டேன். படத்துக்குப் போடுற சட்டம்தான். இதேதான் முருகருக்கும் போடறோம், புள்ளைங்க படத்துக்கும் போடறோம். அங்க ஓட்டையா கெடந்துச்சி. இப்ப வாசலா கீது." இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அதையும் சொன்னேன். "என் பொண்ணு வாசல் வழியாத்தான் வந்தா."

பையனின் அம்மா தம்ளரைக் கீழே வைத்தார். "பேச்சே வராதுன்னு சொன்னீங்களே" என்று நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார். அது கேலியா, கோபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஜ்ஜி நன்றாக இருந்தது என்றார்கள். கிளம்பினார்கள்.

அடுத்த வாரம் பெண் கொஞ்சம் உயரம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நாத்தனார் நேரில் வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டு சொன்னார். "ஒயரமாம்! சட்டத்த பாத்து பயந்துதான் சொல்ட்டாங்க. பொண்ணு வாழ்க்கைய விட உனுக்கு அந்தக் கட்டைங்க பெருசா பூட்ச்சி."

"அவன்தான் குள்ளம், அத்த" என்றாள் மகள் தையலிலிருந்து கண்ணை எடுக்காமல். "என் தோளுக்குக்கூட இல்ல. நான் குனிஞ்சப்பவே தெரிஞ்சிது."

"வாய மூடுடி. நீ இப்பவே கயட்டுடா" என்று தம்பியிடம் சொன்னார்.

வீட்டுக்காரர் இந்த முறை அரிசி டின்னுக்குள் கையை விட்டு நேராகச் சுத்தியலை எடுத்துவிட்டார். எப்படித் தெரிந்ததோ. நான் முறத்தையும் முருங்கைக்கீரையையும் எடுத்துக்கொண்டு வந்து அந்த வாசலுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஒரு பக்கச் சட்டத்தில் முதுகைச் சாய்த்து, எதிர்ப்பக்கச் சட்டத்தில் பாதத்தை ஊன்றிக்கொண்டேன். கீரையை உருவ ஆரம்பித்தேன்.

"எயுந்திரு."

உருவினேன்.

"எயுந்திருமே, அடி கிடி பட்ரும்."

"கீரை ஆஞ்சிக்கினு கீறேன்" என்றேன்.

முருங்கைக்கீரை ஆய்ந்து முடிகிற வேலையா? நான் இலையாகப் பார்த்து, காம்பு இல்லாமல், பூச்சி இல்லாமல், ஒவ்வொன்றாக எடுத்தேன். நாத்தனார் வெளியே நின்று பார்த்தார். அவர் உள்ளே வரவில்லை. அந்தச் சட்டத்தைப் பக்கத்தில் பார்க்க அவரால் முடியவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்காக எனக்கு மனசு கஷ்டப்பட்டது. கஷ்டப்பட்டாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போனார். வீட்டுக்காரர் சுத்தியலைக் கட்டில்மேல் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். அதற்கப்புறம்தான் பார்த்தேன், கீரையை எப்போதோ ஆய்ந்து முடித்திருந்தேன். கை வெறும் காம்பைப் பிடித்து உருவிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் சுத்தியலைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப் போனேன். வீட்டில் வேறு சுத்தியல் கிடையாது. அறுக்கிறவரிடம் கொடுக்கும்போது முதலாளி பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, அந்தச் சட்டம் எல்லாம் எரிச்சிட்டியா?"

எப்போதும் போலத் தலையை ஆட்டியிருக்கலாம்.

"எரிக்கல. வூட்டு வாசலுக்குப் போட்டுக்கீறேன்."

"படச்சட்டத்தையா? வாசலுக்கா?" அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று பார்த்தார். "பாக்கறவங்க இன்னா சொல்றாங்க?"

"இன்னா வேணா சொல்லட்டும்" என்றேன். அன்றைக்கு ஐந்தாறு படங்கள் காத்திருந்தன. கண்ணாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துடைக்க ஆரம்பித்தேன்.